இரவல் போகாத புத்தகம்

வசந்தமலருக்கு மன்னார்ப் பக்கத்துத் தாழ்வுபாடு கிராமத்தில் இன்னொரு பெயர் உண்டு: சி.ஐ.டி. யார் வீட்டு வாசலில் புது மோட்டார் சைக்கிள் நிற்கிறது, எந்தப் படகு ஏன் இன்று கடலுக்குப் போகவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் சோறு இறங்காது. இப்படி ஒருத்தி நூலகராக வந்து சேர்ந்தது நல்லதுக்குத்தான். பத்தொன்பது வருடமாக, திரும்பி வரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தே அது எங்கே போய் வந்தது என்று சொல்லிவிடுவாள். கறிக்கறை பட்டிருந்தால் குசினியில் வாசித்தது. மணல் உதிர்ந்தால் கடற்கரையில் வாசித்தது.

இப்போது அந்த வித்தைக்கு அவ்வளவு வேலையில்லை. புத்தகம் வெளியே போனால்தானே திரும்பி வர! பிள்ளைகள் வருகிறார்கள்தான், வைஃபைக்கு. கதிரையில் உட்கார்ந்து போனைத் தடவிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். போன வருடம் நூலகத்தை நடத்தும் பிரதேச சபையிலிருந்து ஒரு கணினியைக் கொடுத்து, எல்லாப் புத்தகத்துக்கும் பார்கோட் ஒட்டி, கடைசியாக இரவல் போன திகதியையும் பதியச் சொன்னார்கள். ஒட்டி முடிக்க எட்டு மாதம் பிடித்தது. அதே கணினிதான் இந்தத் தை மாதம் ஒரு பட்டியலைத் துப்பியது: ஐந்து வருடமாக ஒருவரும் இரவல் எடுக்காத புத்தகங்கள், நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றைக் கழித்துவிட்டு, அலுமாரிகள் நின்ற இடத்தில் கணினி மேசை போடப்போகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் வசந்தமலர் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் அத்தனையும் பழைய பேப்பர் லொறியில் ஏறும். கையெழுத்து வைக்க அவளுக்கு மனமில்லை. ஆனால் ஒருவரும் எடுக்கவில்லை என்று கணினி சொல்லும்போது எதைச் சொல்லி மறிப்பது?

திங்கட்கிழமை ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கத் தொடங்கினாள். முப்பதாவதோ நாற்பதாவதோ கையில் வந்தது ஒரு தடித்த புத்தகம். மின்மோட்டருக்குக் கம்பி சுற்றுவது எப்படி என்பதைப் பற்றியது. இரவல் திகதி குத்தும் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை. ஆனால் கட்டு விட்டுப்போயிருந்தது. பக்கங்களின் ஓரம் ஓரிடத்தில் மட்டும் கறுத்துக் கிடந்தது. அந்த இடத்தில் விரித்தாள். அடையாளத்துக்கு வைத்ததுபோல், தலைமயிர் தடிப்பில் ஒரு செப்புக் கம்பி.

வசந்தமலர் அடுக்குகிற வேலையை அப்படியே விட்டுவிட்டாள்.

“றெனால்ட் அண்ணை, இந்தப் புத்தகத்தை ஆர் எடுக்கிறது?”

றெனால்ட் அவளுடைய உதவியாளர், அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். “ஆரும் எடுக்கேல்லை மிஸ். கொம்பியூட்டரே சொல்லுதே.”

“எடுக்காத புத்தகம் எப்பிடி அண்ணை இப்பிடிக் கிழியும்?”

அவர் தலையைச் சொறிந்தார். “புதன்கிழமையள்ல சனம் கொஞ்சம் கூடத்தான்,” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை வேலை செய்வதால் புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்றைக்கு நூலகத்தை றெனால்ட்தான் பார்த்துக்கொள்வார். இந்தப் புதன்கிழமை வசந்தமலர் உடுப்புத் தோய்க்கவில்லை. மோட்டர்ப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்து, வாசிப்பு மண்டபத்தின் மூலையில் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபடி இருந்தாள். பட்டப்பெயருக்கேற்ற வேலைதான்.

பத்தரைக்கு அபாயா உடுத்திய ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நேரே மோட்டர்ப் புத்தகம் இருந்த தட்டுக்குப் போனாள். தேடினாள். மேல்தட்டில் தேடினாள், கீழ்த்தட்டில் தேடினாள், புத்தகங்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். பிறகு வெறுங்கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

வசந்தமலருக்குப் பொறுக்கவில்லை. கைப்பையிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். “இதையோ தேடுறீங்கள்?”

அவளைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. “நான் களவெடுக்கேல்ல மிஸ். பார்த்திட்டு வச்சிட்டுத்தான் போறன்.”

“ஆர் களவெண்டு சொன்னது? இருங்கோ. எனக்கு அறிய ஆசை, அவ்வளவுதான்.”

பெயர் உம்மு குல்சூம். ஊர் முசலிப் பக்கம், போருக்குப் பிறகு சனம் மீளக் குடியேறிய ஒரு கிராமம். புதன்கிழமைகளில் கம்பி வாங்க மன்னாருக்கு வருகிறவள்.

“எங்கட பக்கம் தண்ணி மோட்டர் அடிக்கடி எரியும் மிஸ். திருத்த ஆளில்ல. நானே சுத்தப் பழகினன்.”

“போனில வீடியோ கிடக்குமே?”

“வீடியோவில அவன் அவன்ட மோட்டரைத்தான் சுத்துறான். இதில எந்த மோட்டருக்கு எந்தக் கம்பி, எத்தின சுத்து எண்டு அட்டவணையே இருக்கு.”

வசந்தமலர் வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு சந்தோசம் அவளுக்கு வந்து கன காலம். “பிறகேன் வீட்டை கொண்டுபோகேல்லை? அங்கத்துவம் எடுத்தால் ரெண்டு கிழமை வச்சிருக்கலாமே.”

“கேட்டனான் மிஸ். இந்தச் சபைக்கு வரி கட்டுற ஒராள் பிணை நிக்கவேணும் எண்டாங்க. எனக்கு இஞ்ச ஆரைத் தெரியும்?” உம்மு குல்சூம் தரையைப் பார்த்தாள். “நீங்கதான் மிஸ் போர்மைத் திருப்பித் தந்தீங்க.”

வசந்தமலர் நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஊரில் எவன் எப்போது தும்மினான் என்பதுவரை தெரிந்தவளுக்கு இந்த முகம் ஞாபகம் வரவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. மேசைக்குப் போய் ஒரு புதுப் படிவத்தை எடுத்து, பிணையாளி என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினாள். தாழ்வுபாட்டு வீட்டுக்கு வருடா வருடம் வரி கட்டுகிறவள்தானே. நூலகர் பிணை நிற்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லை. இத்தனை வருடத்தில் அது அவள் புத்திக்கு எட்டியதுமில்லை.

திகதி முத்திரையை எடுத்தபோது உம்மு குல்சூம் புத்தகத்தின் மேல் கையை வைத்தாள்.

“வேணாம் மிஸ். வேற புத்தகம் கொண்டுபோறன். இதை நான் கொண்டுபோனா மத்த மூண்டு பேரும் என்ன செய்யிறது?”

“எந்த மூண்டு பேர்?”

“ரெண்டு பேர் என்னோட பஸ்ஸில வாறவங்க, இப்ப கடைக்குப் போயிருக்காங்க. ஒராள் தோட்டவெளி ஊரில இருந்து. இதைப் பார்க்கத்தான் வாறாங்க.”

“நான் ஒருத்தரையும் காணேல்லையே!”

உம்மு குல்சூம் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க லீவில நிக்கிற நாளிலதான் மிஸ் நாங்க எல்லாரும் வாறது. அங்கத்துவம் இல்லாம வாசிச்சா ஏசுவீங்களோ எண்டு பயம்.”

கோபித்துக்கொள்ள அங்கே தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. வசந்தமலர் முத்திரையைக் கீழே வைத்தாள். பட்டியலை இழுத்து அந்தப் புத்தகத்தின் பெயரை வெட்டி, பக்கத்தில் ‘வாசிக்கப்படுகிறது’ என்று எழுதினாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

“இதில இருங்கோ தங்கச்சி. இன்னும் நானூற்றுப் பதினொண்டு கிடக்கு. இதுக்குள்ள வேற எதெது புதன்கிழமைப் புத்தகம்?”