தீவு வௌவால்

எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிலேயே அதிக மரியாதையோடு கவனிக்கப்பட்டது ஒரு வௌவால். எனக்கு அப்படி ஒரு கவனிப்பு கிடைத்ததே இல்லை. பிறந்த அன்று கிடைத்திருக்கலாம், ஞாபகமில்லை. அதற்கு வேளாவேளைக்கு வாழைப்பழம், சாயங்காலம் ஒரு சப்போட்டா. பழத்தை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். அந்தச் சக்கையைக் கூட்டி அள்ளுகிற பதவி எனக்கு. நான் அதைப் பெரிய பதவி என்றே எண்ணியிருந்தேன்.

திருத்தணியில் மலைக்குப் பின்புறம் தறிக்காரர்கள் தெருவில் இருந்தோம். செல்போன்களில் இன்னும் பட்டன் இருந்த காலம். என் அப்பா விசைத்தறியில் லுங்கி ஓட்டுகிறவர். வீட்டில் தமிழ்தான் பேசுவோம், ஆனால் எல்லையோர வழக்கப்படி அப்பாவை மட்டும் நைனா என்று கூப்பிடுவேன். வருடக்கணக்காகப் பஞ்சுத்தூசியைச் சுவாசித்து அவருக்கு இழுப்பு வந்திருந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில் கேட்கும். டாக்டர் மூக்கில் ஆவி வைத்து, பையில் மாத்திரை போட்டுக் கொடுத்து, தறியை விட்டுவிடச் சொன்னார். நைனா டாக்டரை விட்டுவிட்டார்.

அந்த ஆடி மாதத்தில்தான் மாமா வந்து இறங்கினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, நைனாவைப் பாவா என்று கூப்பிடுகிறவர். அந்தமான், நிக்கோபார் பக்கம் ஏதோ ஒரு தீவில் கப்பல்துறை கட்டுகிற வேலைக்குப் போனவர். அவர் வாயைத் திறந்தால் கடல் கொந்தளிக்கும், சுறா துள்ளும், முதலை குறுக்கே போகும். நான் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது அவரிடம்தான், ஆனால் அவர் தரம் எனக்கு இன்றுவரை வரவில்லை. அந்தத் தடவை அவர் கையில் பெட்டி இல்லை. இரண்டு காய்கறிக் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கட்டி, மேலே லுங்கி போர்த்திக் கொண்டுவந்திருந்தார். லுங்கியை விலக்கினார். உள்ளே நரி முகத்தோடு ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"இது நம்மூரு வவ்வாலு இல்லக்கா. அந்தத் தீவத் தவுர ஒலகத்துல எங்கியும் கெடையாது. கப்பல்ல யாருக்கும் தெரியாம மறைச்சு எடுத்துகினு வந்தேன். ஒரே ஒரு தபா கொழம்பு வெச்சுக் குடு, பாவா மலை மேல ஓடுவாரு பாரு."

வௌவால் கறி இழுப்புக்கு மருந்து என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான விஷயம். தின்று குணமானவரை யாரும் பார்த்ததில்லை, குணமானவருக்குத் தெரிந்தவரைத் தெரிந்தவர்கள் மட்டும் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஊர் வௌவாலுக்கே அவ்வளவு பெயர் என்றால், கடல் தாண்டி வந்த வௌவாலுக்குக் கேட்கவா வேண்டும்?

அம்மா தம்பியைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் இல்லை.

"அவுரு மாலை போட்டுகினு இருக்குறாரு. கண்ணு தெரியல உனக்கு?"

மாமா அப்போதுதான் நைனாவின் கழுத்தைப் பார்த்தார். ஆடிக்கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு நைனா மாலை போட்டு மஞ்சள் வேட்டி கட்டியிருந்தார். மாலை போட்ட வீட்டில் முட்டைகூட உடைக்கமாட்டோம். மருந்து வந்துவிட்டது, ஆனால் முருகனைப் பார்த்துவிட்டு வரும்வரை தின்ன முடியாது. மாலையைக் கழற்றிவிட்டுத் தின்னலாம் என்றால், எந்த மூச்சுக்காக வேண்டிக்கொண்டாரோ அந்த மூச்சை வைத்திருப்பவனிடமே வாக்கு மாறினதாக ஆகும். மாமா அதற்கும் ஒரு வழி சொல்லப் பார்த்தார். நைனா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சாமிய மொதல்ல பாத்துட்டு வந்துடறேன் மச்சான். வவ்வாலுதானே, எங்க போயிடப் போவுது."

ஆகவே வௌவால் தறிக்கொட்டகையின் மூலையில் குடியேறியது. அம்மா ஒரு தடவைகூட அதை வௌவால் என்று சொல்லவில்லை. மாலை போட்ட வீட்டில் குழம்புக்காக ஓர் உயிரை வைத்திருக்கிறோம் என்பது சாமிக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. "டேய், மருந்துக்குத் தண்ணி வெச்சியா?" என்பாள். "மருந்து ரெண்டு நாளா சரியா துண்ணலடா" என்று கவலைப்படுவாள். பஞ்சாமிர்தத்துக்கென்று எடுத்துவைத்த மலைப்பழத்திலிருந்தே மருந்துக்கு இரண்டு பிய்த்துக் கொடுத்தாள். முருகன் காத்திருக்கலாம், மருந்து இளைத்துவிடக் கூடாது.

நான் பள்ளிக்கூடத்தில் ஒரே வாரத்தில் பெரிய ஆளாகிவிட்டேன். உலகத்தில் வேறெங்குமே இல்லாத பிராணி எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி, பார்க்க வருகிறவர்கள் கொய்யாப்பழம் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டேன். பாதிப் பழம் வௌவாலுக்கு, பாதி அதன் காவலனுக்கு. அதன் காதும் என் காதும் ஒரே அளவு என்று மாமா கிண்டல் செய்தார். ரோஷம் வந்து அளந்து பார்த்தேன். என்னுடையதுதான் பெரிது.

நைனாவுக்கு அந்த நாட்களில் இழுப்பு அதிகமாகிக்கொண்டே போனது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார். பகலில் தறியை நிறுத்திவிட்டுக் கூடை முன்னால் குந்துவார். அதுவும் அவரை உற்றுப் பார்க்கும்.

"எனக்கோசரம் கப்பலேறி வந்தியா நீ?" என்று அதைக் கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிடும். இருமல் அடங்கும்வரை அம்மா அடுப்படியில் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே கையில் பிடித்தபடி நிற்பாள்.

கிருத்திகை வந்தது. மலை மேலே போக நல்ல ரோடு இருக்கிறது, ஆட்டோ போகிறது, பஸ் போகிறது. மாமா ஒரு ஆட்டோவையே பேசி வாசலில் நிறுத்திவிட்டார். நைனா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டிக்கொண்டது படிக்கட்டு வழியாக. குளத்தில் முழுகிவிட்டு, பூக்காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். நாலு படி ஏறுவார், உட்காருவார். எங்களைத் தாண்டி நூற்றுக்கணக்கான காவடிகள் ஆடிக்கொண்டு போயின. கால் உடைந்த ஒருவர்கூடக் கோலூன்றிக்கொண்டு எங்களை முந்திப் போனார். எல்லோரும் அரோகரா போடுகிறார்கள். நைனாவுக்கு மூச்சு போதவில்லை. அவருக்குப் பதில் நானே கத்தினேன், என் பங்கு ஒன்று, அவர் பங்கு ஒன்று. தொண்டை கட்டிப்போனது. அம்மா அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தபடியே பின்னால் ஏறிவந்தாள். தள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

ஏறிவிட்டார். உச்சிவெயிலில் காவடியைச் செலுத்திவிட்டு, உதடு நீலமாக, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நைனா கண்ணடித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்து அம்மா தறிக்கொட்டகையின் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து அனல் அடித்தது. கூரை தகரம். காலையிலிருந்து வீடு பூட்டியிருந்தது. வௌவால் கூடையின் அடியில் இறக்கையை விரித்துக் குப்புறக் கிடந்தது. தண்ணீர்க் கிண்ணம் வற்றிப்போயிருந்தது.

அத்தனை படிகளிலும் அழாத அம்மா அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"மருந்து செத்துப்போச்சே... மருந்து செத்துப்போச்சேடா..."

தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, நைனா முழுசாக நிற்பதைக் கண்டு குழம்பிப் போனார்கள். மாமா கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டார். தானாகச் செத்தது மருந்துக்கு ஆகாதாம்.

மறுநாள் காலையில் நைனா மாலையைக் கழற்றினார். மாமா யாரிடமோ மொபெட் இரவல் வாங்கிக்கொண்டு கனகம்மாசத்திரம் ரோட்டில் போனார். உலை கொதிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். பின்சீட்டில் சாக்கு. சாக்குக்குள் இன்னொரு நரி முகம்.

என் வாய் சும்மா இருக்குமா?

"மாமா, கப்பல்ல போய்ட்டு வர அஞ்சாறு நாளு ஆவும்னு சொன்ன. இப்ப ஒடனே வந்துட்ட?"

அம்மா அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள். குழவி ஒரு நொடி நின்றது. மாமா நைனாவைப் பார்த்தார், நைனா என்னைப் பார்த்தார்.

"கப்பலா?" என்றார் மாமா. "அது அப்போடா. இது ஏரோப்ளேன்ல வந்துச்சு. அரக்கோணத்துல எறங்குது இல்ல, அதுல. கூட்டாளி ஒருத்தன் குடுத்தனுப்பினான்."

அரக்கோணத்தில் கடற்படை விமானம் இறங்குவது எனக்குத் தெரியும். எங்கள் மலைக்கு மேலே தாழப் பறந்து போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆகவே சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. ஏரோப்ளேனில் வந்த வௌவால்! மறுநாள் பள்ளிக்கூடத்தில் எடுத்துவிட வாக்கியங்களை அப்போதே தயார் செய்ய ஆரம்பித்துவிட்டேன். நைனா சிரித்தார், இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏரோப்ளேன்ல வந்தத காக்க வெக்கக் கூடாது. சீக்கிரம் கொழம்பு வை" என்றார். குழவி மறுபடி ஓடத் தொடங்கியது.

சமீபத்தில் கைபேசியில் தேடிப் பார்த்தேன். அந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பழந்தின்னி வௌவால் உண்மையிலேயே இருக்கிறது. மாமா சொன்னதில் அது ஒன்று பொய்யில்லை. ஆனால் அது சின்ன ஜாதி. எங்கள் வீட்டில் இருந்த இரண்டும், கனகம்மாசத்திரம் போகிற வழியில் மரத்துக்கு மரம் கருப்பாகத் தொங்குமே, அந்த ஜாதி. அதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்காதவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. அம்மாவும் பார்த்திருப்பாள். நைனாவும் பார்த்திருப்பார். நானும்தான் பார்த்திருந்தேன்.

குழம்பு தயாரானது. நைனா ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றார், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றார். அம்மா கரண்டியோடு நின்றாள், மாமா கதவோரம் நின்றார். நைனா கையைக் கழுவிவிட்டு மூச்சை ஆழமாக இழுத்துக் காட்டினார்.

"தொறந்துக்கிச்சு" என்றார். "எங்க, நீ காத வெச்சுக் கேளுடா."

என் பெரிய காதை அவர் நெஞ்சில் வைத்தேன். விசில் கேட்டது. முன்னைவிட ஓங்கிக் கேட்டது.

"சத்தம் நல்லா வருது நைனா" என்றேன்.

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். பிறகு மாமா, "அது மருந்து வேலை செய்யிற சத்தம்டா" என்றார்.

"ஆங், ஆங்" என்றார் நைனா. "வேலை செய்யிது."

அதன் பிறகு தினமும் அது என் வேலையானது. காலையில் எழுந்ததும் முதல் காரியமாக அவர் நெஞ்சில் காதை வைப்பேன். நாளுக்கு நாள் சத்தம் கூடிக்கொண்டு வந்தது. குடம் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகிற அம்மாவின் பின்னால் ஓடுவேன். "அம்மா, இன்னிக்கு இன்னும் ஜோரா வேலை செய்யிதும்மா!" அம்மா என் தலையில் கை வைத்து "ஆங்" என்பாள். சில நாள் என்னை அங்கேயே விட்டுவிட்டு வேகமாக நடந்துவிடுவாள். தண்ணீர் நின்றுவிடப் போகிறது என்கிற அவசரம் என்று நினைப்பேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. நம்பாமல் மறு காதையும் வைத்துப் பார்த்தேன். இல்லை. நைனா சுவரில் சாய்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மருந்து வேலையை முடித்துவிட்டது என்று சொல்லக் குழாயடிக்கு ஓடினேன். அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன் ஓடியதே இல்லை.