அரைச் சுற்று

ராணுவத்தில் நான் மருத்துவப் பிரிவு உதவியாளன். கடைசி நான்கு வருடங்கள் பயிற்சி முகாமில், குண்டடி பட்டவனாகக் கிடப்பதுதான் என் வேலை. வகுப்பெடுக்க எனக்கு வாய் வராது. அதனால் தரையில் படுக்க வைத்தார்கள். தொடையில் சிவப்புச் சாயம் ஊற்றிக்கொள்வேன். புது வீரர்கள் ஓடிவந்து, காயத்துக்கு மேலே பட்டையைக் கட்டி, அதிலுள்ள குச்சியைத் திருகி இறுக்குவார்கள். ரத்தம் நிற்கிற அளவுக்கு இறுக்கினால் தாங்க முடியாத வலி. அவிழ்த்து விடச் சொல்லி நான் கெஞ்ச வேண்டும். இரக்கப்பட்டுத் தளர்த்துகிறவன் தேர்வில் தோற்றான்.

எனக்குக் கத்தவும் கூச்சம். வேலூர்க்கார ஹவில்தார் தலைமாட்டில் நின்று திட்டுவார்.

"டேய், கால் போனவன் இப்படியாடா கத்துவான்? பொண்ணு பாக்க வந்த எடத்துல தண்ணி கேக்கற மாதிரி கேக்கற!"

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த இரண்டாம் வருடம், அடி அண்ணாமலையில் எங்கள் நிலத்தில் தம்பி பவர் டில்லர் ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வரப்பு தடுக்கி விழுந்தான். சுழலும் கத்தி அவன் தொடையைக் கிழித்தது. ரத்தம் பீய்ச்சியடித்தது. என் துண்டைக் கட்டி, டில்லரின் ஸ்பேனரைச் செருகித் திருகினேன். ரத்தம் நின்றது. ஸ்பேனரை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்று பௌர்ணமி. மத்தியானமே கிரிவலப் பாதையில் கூட்டம். தம்பி மனைவி போன் செய்து கூப்பிட்ட ஆம்புலன்ஸின் சத்தம் தூரத்தில் கேட்டது, கிட்டே வரவில்லை.

"அவுத்து வுடுண்ணா. காலு வெடிக்குதுண்ணா."

"கொஞ்சம் பொறுத்துக்கடா."

"அடி பட்டப்பகூட இவ்ளோ வலிக்கல. உனுக்குக் கட்டத் தெர்ல."

அவன் மனைவி என் கையைப் பிடித்தாள். "மாமா, பாதம் நீலமா ஆவுது மாமா. கொஞ்சமா லூசு பண்ணுங்க. உங்க கால்ல வுழறேன்."

தளர்த்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்பேனரை அரைச் சுற்று திருப்பினேன்.

"அப்பாடா" என்றான் தம்பி. அதற்குள் என் மடியெல்லாம் சூடாக நனைந்தது. மறுபடி திருகினேன். இம்முறை அவன் கத்தவில்லை. உதடு வெளுத்துக் கண் செருகியது.

"பேசுடா! எதனா பேசுடா!"

பாதையில் போன ஜனம் நின்று திரும்பியது. அவ்வளவு சத்தமாக நான் கத்தியதே இல்லை.

அவர்களில் நாலு பேர் ஓடிவந்து அவனைத் தூக்கினார்கள். ஸ்பேனரைப் பிடித்தபடியே ஆம்புலன்ஸ் வரை கூட ஓடினேன். மூன்று நாள் அவன் கண் திறக்கவில்லை. நடுவில் கட்டு அவிழ்ந்ததா என்று டாக்டர் கேட்டார். வழுக்கிவிட்டது என்றேன்.

பிழைத்துக்கொண்டான். இப்போது கோல் ஊன்றி நடக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிறான்: "எங்கண்ணன் மனசு கேக்காம அவுத்து வுட்டாரு. அதனாலதான் பொழச்சேன்."

அவன் மனைவி தலையாட்டுவாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விடுவேன்.