கன்னத்து மேகம்

குட்டி நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, கால்களில் ஒட்டியிருந்த பசையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள் ஆயாம்மா. மழலையர் வகுப்பு விட்டாகிவிட்டது. ஒரு நாற்காலி மட்டும்தான் பாக்கி. அதில் வாயாடி உட்கார்ந்திருந்தாள். அம்மா வரத் தாமதம். வாயாடி என்பது ஆயாம்மா வைத்த பெயர். ஒரு வாரமாக அந்தப் பெயருக்கு வேலையில்லை.

ஆயாம்மாவுக்குக் கல்யாண வயதில் உதட்டோரம் பொட்டாக வந்த வெள்ளைத் திட்டு, கன்னம் ஏறிக் கண்ணைச் சுற்றி வளைத்தது. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை எழுந்து, காரணம் சொல்லாமலே அடங்கியது. தம்பிக்குக் குழந்தை பிறந்தபோது ஆசையாகக் கை நீட்டினாள். "கொஞ்ச நாள் போகட்டும் அண்ணி, அப்புறம் தூக்கலாம்" என்றாள் தம்பி மனைவி. அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. தெருவில் சிலர் முறைத்துப் பார்ப்பார்கள். நல்லவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். இரண்டும் அவளுக்குப் பழகிவிட்டது.

வாயாடிதான் வந்த முதல் நாளே நேராக விரலை வைத்தாள்.

"இது என்ன, மேகமா?"

"ஆமா, மழை பெய்யாத மேகம்."

அன்றிலிருந்து தினமும் ஒரு விசாரணை. "ஆயாம்மா, இன்னிக்கு மேகம் கொஞ்சம் நகர்ந்திருக்கு!"

"நகராம என்ன பண்ணும்? ஒரே இடத்துல இருந்தா அதுக்கும் போரடிக்காதா?"

"எனக்கும் ஒண்ணு வருமா?"

"உனக்குத்தான் மூக்குல மச்சம் இருக்கே. எல்லாத்தையும் நீயே வாரிக்கிட்டா மத்த புள்ளைங்க எங்கடி போகும்?"

போன வாரம், பிடித்தவர்களை வரையச் சொன்னார் டீச்சர். வாயாடி ஆயாம்மாவை வரைந்தாள். முகமெல்லாம் பழுப்பு; ஒரு கன்னம் மட்டும் வெறும் காகிதமாக. குரல் உயர்த்தியே பேசத் தெரியாத டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்படி வரையக் கூடாதுடா கண்ணா. பாத்தா ஆயாம்மாவுக்கு மனசு வலிக்கும்ல? நாம எல்லாரும் ஒண்ணுதானே?"

சொல்லிக்கொண்டே தன் கையாலேயே அந்தக் கன்னத்தைப் பழுப்பு கிரேயானால் நிரப்பிவிட்டார். படம் சுவரில் ஏறியது. யாரோ ஒருத்தியின் முகம்.

ஆயாம்மா டீச்சரிடம் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு வலிக்கல டீச்சர். அவ தொட்டா நல்லாத்தான் இருந்துச்சு."

"உங்களுக்குப் பெரிய மனசு ஆயாம்மா. நாளைக்கு வெளியில யாரையாவது பாத்து இப்படிக் கேட்டு வச்சா? அவங்க தாங்குவாங்களா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இப்போது துணியை வாளியில் போட்டுவிட்டு, வாயாடியின் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தாள். குழந்தையின் பார்வை ஷூவை விட்டு எழவில்லை.

"என்னடி, வாய்க்குப் பூட்டா? சாவிய யாருகிட்ட குடுத்த?"

"ஸாரி ஆயாம்மா."

"எதுக்குடி ஸாரி?"

"நான் பாத்தா உனக்கு வலிக்கும்."

ஆயாம்மாவின் விரல்கள் முடிச்சில் நின்றன. கன்னத்தைக் குழந்தையின் பக்கம் திருப்பினாள். "வலிக்கவே வலிக்காது. தொட்டுத்தான் பாரேன்."

வாயாடி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு கண்களை இறுக மூடினாள். அவ்வளவு கவனம்.

வாசலில் அம்மா கூப்பிடும் குரல். குழந்தை இறங்கிப் பையை மாட்டிக்கொண்டது.

"மேகம் இன்னிக்கு எங்க இருக்கு? அத மட்டும் சொல்லிட்டுப் போயேன்."

தரையைப் பார்த்தபடியே வாயாடி அறையைவிட்டு வெளியே போனாள்.