நீலப் படகின் பின்பலகை

"...எஞ்சின் கெடக்கட்டும் தம்பி, அதை மாட்டியிருக்கிற பலகையைத் தட்டிப் பார்ப்போம்" என்றார் அவர்.

சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்து எங்கள் ஊரில் குடியேறியவர். பைக்காரா அணையில் ஆட்களை அக்கரையில் கொண்டுபோய் விட்டுப் பிழைக்கலாமென்று, என்னிடமிருந்த சின்ன மோட்டார் படகை விலைக்குக் கேட்டு வந்திருந்தார். ஒட்டுப்பலகையில் செய்த மலிவான படகு. ஒரே இழுப்பில் எஞ்சின் கிளம்பும், நீலப் பெயிண்ட் மின்னும். எஞ்சினை மாட்டியிருந்த பின்பலகை மட்டும் உள்ளே இற்றுப்போயிருந்தது. பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து மறைத்தவன் நான்தான்.

அவருடைய இரண்டு பெண்களும் முதல் சவாரிக்கு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, படகெல்லாம் பழக்கமுங்களா?" என்று கேட்டேன்.

"படகு தெரியாது. அங்கே ஃபேக்டரியில தேயிலைப் பெட்டி அடிச்சவன். ஊறின பலகையோட சத்தம் தெரியும்."

தட்டினார். நனைந்த ரொட்டியைத் தட்டியது போலிருந்தது. பிள்ளைகளை இறங்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் மூச்சு சீராக வந்தது. பிள்ளைகள் கரையில் நிற்கிறார்கள், இனி என்ன திட்டினாலும் சரி என்றிருந்தது. அவர் தட்டாமல் விட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

அவர் திட்டவில்லை. மற்ற பலகைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"இது ஒண்ணுதான் போச்சு. மாத்திட்டா நல்ல படகு. ரம்பம் இருக்கா?"

ஸ்வெட்டரைக் கழற்றிப் பெரியவளிடம் கொடுத்தார். எஞ்சினைக் கழற்றி இறக்க அதன் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை நான் வந்து பிடிப்பதற்காகக் காத்து நின்றார்.