ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு வந்தவர்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் யாருமே எதுவும் செய்திருக்க மாட்டார்கள். ‘அதுவா ஆயிடுச்சு’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆவடி சேக்காட்டில் பதினான்கு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். அதுவாக ஆன கம்ப்யூட்டர் ஒன்றைக்கூட இன்னும் பார்க்கவில்லை. யாரோ எதையோ ஓசியில் இறக்கிப் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். அது நீங்களாகவே இருந்தால் கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள், நாமெல்லாம் ஒரே சாதி.

மரியாதை தெரிந்தவன்

பெருமாள் சாருக்குத் திருநெல்வேலிப் பக்கம். இங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. முப்பது வருஷமாகப் பாதுகாப்பு விதிகளை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறவர். மகளுக்கு வரன் பார்க்க, இலவச ஜாதகப் பொருத்த சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கியிருக்கிறார். மறுநாளே ஊரிலுள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவர் பெயரில் கண்ட கண்ட மெயில் போக ஆரம்பித்துவிட்டது.

‘எப்படிப் போட்டீங்க?’ என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். சாஃப்ட்வேரோடு வந்த குறிப்பை பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வரியாகச் செய்து முடித்து, பேனாவால் டிக் அடித்திருந்தார். முதல் வரியே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லியிருந்தது. அதற்கு மட்டும் இரண்டு டிக்.

காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்கிறானே, உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ப்ளீஸ்னு போட்டிருந்தாம்லாம்மா. மரியாதையா கேக்கவன்ட்ட எப்படி மாட்டேங்கது?”

பதினாறு எழுத்து

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் மேடம் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். ஆண்டு விழா வீடியோவை வெட்டி ஒட்ட, காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேரைக் காசில்லாமல் போட்டிருக்கிறார். விவரமானவர். ஏதோ சரியில்லை என்று தெரிந்ததுமே மெயில், பேங்க், கல்லூரி என்று எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. எனக்கு எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது. இப்படி ஒருவர் வந்து வருஷக்கணக்காகிறது.

எதில் உட்கார்ந்து மாற்றினீர்கள் என்று கேட்டுத் தொலைத்தேன். மடியிலிருந்த அதே லேப்டாப்பைத் தட்டிக் காட்டினார். உள்ளே உட்கார்ந்திருப்பவன் நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருப்பான், அதனால் போனிலோ வேறு நல்ல கம்ப்யூட்டரிலோதான் மாற்ற வேண்டும் என்று விளக்கினேன். புதிய சாவி செய்து திருடன் கையிலேயே கொடுத்த கதை. மேடம் சொன்னார்: “ஒவ்வொண்ணும் பதினாறு எழுத்து வெச்சிருக்கேன். அவனுக்கும் டைப் பண்ணக் கை வலிக்கும் இல்ல?”

பென் டிரைவ்

இது சிரிக்கிற கதை இல்லை. பூந்தமல்லியில் ஜபார் பாய்க்கு எம்ப்ராய்டரி கடை. கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனை மெஷின் கல்யாண பிளவுஸில் தைத்துக் கொடுக்கும். வரைவது அவர் மனைவி தாஜுன்னிசா. ஒன்பது வருஷமாக அவர் வரைந்த பூவும் கொடியும் மயிலும் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அந்தக் கடைக்கு மூலதனம் என்றால் அதுதான்.

ஒரு மத்தியானம் பாய் போன் செய்தார். “அக்கா, எந்த டிசைனும் தொறக்கல. பேரெல்லாம் மாறிக் கீது.” வரைகிற சாஃப்ட்வேரின் புது வெர்ஷனை யாரோ ஓசியில் அனுப்ப, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போட்டிருக்கிறார். அதோடு வந்த வைரஸ் எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டது. பேக்கப் டிஸ்க் என்னாயிற்று என்றேன். அதுவும் அப்படித்தான் இருந்தது. மறந்துவிடக் கூடாதென்று அதை எந்நேரமும் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருந்தாராம். தப்பு என் மேலும் உண்டு. காப்பி எடுத்து வையுங்கள் என்று சொன்ன நான், எடுத்ததும் கழற்றி வையுங்கள் என்று சொல்லவில்லை.

“பரவால்லக்கா, ஊட்டு பீரோல ஒரு பென் டிரைவ் கீது. பழசெல்லாம் அதுல ஏத்தி வெச்சிருந்தா. தாஜு எட்த்தாந்துட்டா, இதோ செருகிப் பாக்கறா,” என்றார் பாய்.

எல்லோரும் செய்கிற தப்பு இது. மிச்சமிருக்கும் ஒரே நல்ல காப்பியை, நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, கெட்டுப்போன கம்ப்யூட்டரிலேயே கொண்டுபோய்ச் செருகுவார்கள். அதுவும் போய்விடும். ‘செருக வேண்டாம், யாரும் எதையும் செருக வேண்டாம், நெட் ஒயரைப் பிடுங்குங்கள்’ என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் எம்ப்ராய்டரி மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தாஜுன்னிசா போனை வாங்கி நிதானமாகச் சொன்னார்: “இன்னும் செருகலக்கா. நீங்க வர்ற வரைக்கும் கைய மூடிக்கினே உக்காந்திருக்கேன்.”

தனி லாகின்

நான் ஸ்கூட்டியில் போய்ச் சேரும்போது அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். விரலைப் பிரித்தபோது பென் டிரைவ் வியர்த்திருந்தது. பூட்டிக்கிடந்த ஃபைல்களை, என்றைக்காவது அதற்குச் சாவி கிடைக்கலாம் என்று வேறொரு டிஸ்கில் எடுத்து ஒதுக்கிவைத்தேன். கம்ப்யூட்டரை முழுக்க அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற மூன்று நாள் ஆனது. பாஸ்வேர்டுகளைத் தாஜுன்னிசாவின் போனிலிருந்து மாற்றினோம். பென் டிரைவை என் கடையில் சோதித்ததில், போன ரம்ஜான் வரைக்கும் வரைந்தது பத்திரமாக இருந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் வரைந்தது போனது போனதுதான்.

போனதில் வேப்பம்பட்டுப் பெண் ஒருத்தியின் கல்யாண பிளவுஸும் ஒன்று. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த மயில். கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. தாஜுன்னிசா வெள்ளையாக ஒரு பக்கத்தைத் திறந்து, மயிலின் கழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது. பாய் வாசலில் போய் நின்றுகொண்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பிளவுஸ் போய்ச் சேர்ந்தது. அந்த வாரம், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். பாய் டீ வாங்கி வந்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அதான் க்ளீன் பண்ணிட்டீங்களேக்கா, இப்ப அந்தப் புது வெர்ஷனப் போடலாமா?”

நான் வாய் திறப்பதற்குள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தாஜுன்னிசா சொன்னார்: “அக்கா, இவருக்குத் தனியா ஒரு லாகின் போட்டுக் குடுத்துடுங்க. பாட்டு கேக்கட்டும், படம் பாக்கட்டும். ஆனா வெளியேருந்து யாரையும் உள்ள கூட்டிக்கினு வர முடியாத மாதிரி போடுங்க.”

பதினான்கு வருஷம் ஊருக்கெல்லாம் சர்வீஸ் செய்த நான், அன்று சாயங்காலம் கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, என் கம்ப்யூட்டரில் எனக்கும் அதே மாதிரி ஒரு லாகின் போட்டுக்கொண்டேன்.