நடுத்தெருவில் கல் பெஞ்சு

எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு போடுவார்கள். புடவைக்கான நெடுக்கு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். எட்டரைக்குப் பார்த்தால் வெறும் தெருதான். கோயிலைச் சுற்றியுள்ள பழைய கடைவீதிப் பகுதியைப் புதுப்பிக்கத் திட்டம் போட வந்த நிறுவனம் எங்கள் தெருவைப் பதினோரு மணிக்குப் பார்த்தது. அதுவும் காருக்குள்ளிருந்து.

அந்த நிறுவனத்தில் நான் தற்காலிக சர்வேயர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். டிப்ளமா முடித்த கையோடு கிடைத்த வேலை என்பதால் தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். கணக்கெடுப்புப் படிவத்தில் 'காலையில் பாவு' என்று எழுதினேன். திட்ட அலுவலர் அதை அடித்துவிட்டு, "தம்பி, பீக் அவர் டேட்டா மட்டும் போதும்" என்றார். அவர் காபி குடித்து முடிக்கும் நேரம்தான் அவருக்குப் பீக் அவர்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. திரையில் எங்கள் தெரு. நடுவில் வரிசையாகக் கல் பெஞ்சுகள், ஒன்றில் தொப்பி போட்ட வெள்ளைக்காரி, அவள் காலடியில் பஞ்சு மாதிரி ஒரு நாய். அந்த நாயை எங்கள் தெரு நாய்கள் அரை மணி நேரம்கூட விட்டுவைக்காது.

பாவு போடுகிறவர்களில் ஒருவரான என் பெரியப்பா எழுந்தார். "சார், நட்டநடு தெருவுல பெஞ்சி போட்டா பாவ எங்க போடறது? அந்தம்மா மடியிலயா?"

மண்டபமே சிரித்தது. அலுவலரும் சிரித்தார். "உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறோம் ஐயா." பதிவு செய்ய வேண்டியவன் பிஸ்கட் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு டிபன் பெட்டி. வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று நோட்டை நீட்டியவன் நான்தான். "போடுங்கப்பா, வந்ததுக்குத்தான்" என்று சொன்னதும் நான்தான். அந்தப் பக்கங்கள் அறிக்கையின் கடைசியில் 'பொதுமக்கள் ஒப்புதல்' என்ற தலைப்போடு வந்தன. ஒரு கேசரிக்கும் இரண்டு வடைக்கும் எங்கள் தெருவை எழுதி வாங்கிவிட்டார்கள்.

கெஞ்சிக் கூத்தாடி அலுவலரை ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வரவழைத்தேன். வந்தார், பார்த்தார், "வாவ்!" என்றார். பெரியப்பாவை நகரச் சொல்லிவிட்டுப் பாவோடு படம் எடுத்துக்கொண்டார். திருத்திய அறிக்கை வந்தது. திருத்தம் என்னவென்றால், அந்தப் படம் அட்டையில் ஏறியிருந்தது. உள்ளே பெஞ்சுகள் நடுத்தெருவிலேயே இருந்தன.

"இன்னாபா படிச்ச நீ? அட்டையில போட்டதயே உள்ள அழிச்சிருக்கானுங்க. நீயும் பாத்துக்கினு நிக்கிற" என்றார் பெரியப்பா.

பெஞ்சு வரும் இடங்களை மஞ்சள் பெயிண்டால் குறிக்க என்னையே அனுப்பினார்கள். வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சாக்கடை ஓரமாக, சுவரை ஒட்டிக் குறித்தேன். 'வரைபடப்படி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மாட்டினால் வேலை போகும். ஒப்பந்தக்காரர் மஞ்சளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. குறித்த இடத்தில் பெஞ்சுகளை இறக்கிவிட்டுப் போனார்.

திறப்பு விழாவன்று அலுவலர் சுவரோரப் பெஞ்சு ஒன்றில் அமர்ந்தார். சாக்கடை நாற்றத்துக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கல்லைத் தட்டிப் பார்த்து, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பாருங்க, நாம டிசைன் பண்ண மாதிரியே, இன்ச் பிசகாம வந்திருக்கு."