சினலோவாவில் பனி விழ வேண்டும்

ஜனவரி பிறந்தால் எங்கள் கொட்டகையில் எல்லோரும் அடுத்தவன் வயிற்றில் அடிக்கச் சொல்லித்தான் சாமி கும்பிடுவோம். குளிர்காலத்தில் ஃப்ளோரிடாவில் நாங்கள் தக்காளி தரம் பிரித்துப் பெட்டி போடும் அதே நாட்களில், மெக்சிகோவின் சினலோவாவிலிருந்தும் லாரி லாரியாகத் தக்காளி எல்லை தாண்டி வரும். அங்கே பனி கொட்டிச் செடி கருகினால் எங்களுக்கு விலை ஏறும், தரம் பிரிக்கும் பெல்ட் ஓடும், வீட்டில் அடுப்பு எரியும். கொட்டாவிட்டால் மதியமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். தண்ணீர்க் குழாய்க்கு மேலே குவாதலூப்பே மாதா படம் உண்டு. அதன்முன் முறை வைத்து மெழுகுவத்தி ஏற்றுவோம். இத்தனைக்கும் எங்களில் பாதிப் பேர் அந்த நாட்டுக்காரர்கள். வெட்கம் பார்த்தால் சோறு ஏது?

நிக்கோலாசா மட்டும் தன் முறை வந்தால் கழிப்பறைக்குள் போய்ப் புகுந்துகொள்வாள். அவள் சினலோவாக்காரி. தாய் செத்த பிறகு தம்பி எவாரிஸ்தோவைத் தூக்கி வளர்த்தவள். இங்கே வந்து பெல்ட்டில் என் பக்கத்தில் நின்று சம்பாதித்த காசில்தான் அவன் நிலத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் வந்தது, வலைப்பந்தல் வந்தது. அவனும் அமெரிக்காவுக்குத்தான் தக்காளி அனுப்பினான். "நம்ம கூலியை வாங்கி எதிராளிக்கே அனுப்புறியேடி, உன்னை மாதிரி புத்திசாலி உண்டா?" என்று நான் கேட்காத வாரம் கிடையாது. அவள் சிரிப்பாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், "உங்க ஊர்ல குளிர் எப்படிக்கா? கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லேன்" என்பான். இரண்டு பக்கமும் சிரிப்பு. விளையாட்டாக இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருடம் சினலோவாவில் விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. காயாகவே பறித்து அனுப்பும் எங்கள் பச்சைத் தக்காளியை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. இப்படியே போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான் என்று கிரிக்ஸ் முதலாளி வாய்விட்டே சொல்லிவிட்டார். நிக்கோலாசாவின் புருஷன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்தான். அந்த வீட்டில் சம்பளம் என்று வந்தது அவளுடையது ஒன்றுதான். அப்போது பார்த்து அவள் முறை வந்தது. பெட்டி மடிக்கும் டெல்ஃபினா கழிப்பறை வாசலில் போய்க் குறுக்கே நின்றுகொண்டாள்.

"உன் தம்பி மட்டும்தான் மனுஷனா? எங்க பிள்ளைங்க மண்ணைத் திங்கணுமா?"

நிக்கோலாசா யாரையும் பார்க்கவில்லை. போய் ஏற்றினாள். குச்சி இரண்டு முறை அணைந்தது, மூன்றாவதில் பற்றியது. அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். என்ன கேட்டாள் என்று தெரியாது, இன்றுவரை நான் கேட்டதுமில்லை.

அந்த வாரமே சினலோவாவில் பனி விழுந்தது. கிழவர்களே பார்த்திராத பனி என்றது வானொலி. எங்கள் கொட்டகையில் விசில் பறந்தது, விலை கூரையைத் தொட்டது, முதலாளி முழுப் பன்றி வாட்டிப் போட்டார். நிக்கோலாசா தட்டைக் கையில் வாங்கி அப்படியே சுவரோரம் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டில் இருந்தேன். "எல்லாம் கறுத்துப்போச்சுக்கா, ஒரு செடி நிக்கலை" என்றான் எவாரிஸ்தோ போனில். பிறகு, "போகுது விடு, உனக்காவது வேலை இருக்கும்ல?" என்றான். போனை வைத்ததும் அவள் தன் வாயிலேயே பளார் பளாரென்று அறைந்துகொண்டாள். கையைப் பிடித்து நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நானும் அழுதேன்.

ஒரு மாதம் கழித்து முதலாளி பெல்ட் பக்கம் வந்தார். சினலோவாவில் நொடித்துப்போன விவசாயி யாராவது உங்களுக்குத் தெரிந்தவர் உண்டா, கைகொடுக்கலாம் என்றிருக்கிறேன் என்றார். நிக்கோலாசா கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்த் தம்பியின் போன் நம்பரைச் சொன்னாள். திரும்பி வந்தவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு வெளிச்சம் இருந்தது.

"பெரிய மனசுடி அவருக்கு. என் தம்பி பொழைச்சுக்குவான்."

நாங்களும் அப்படித்தான் நம்பினோம். மாடு மாதிரி உழைத்தவர்களுக்குக் கணக்குப் போட எங்கே நேரம்?

அடுத்த பருவம் தொடங்கும் முன்பே எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார். இனி இங்கே பயிர் செய்து கட்டுப்படியாகாது, சினலோவாவில் நிலம் பிடித்துவிட்டேன், அங்கிருந்தே பெட்டி வரும், உங்களுக்குக் கடவுள் துணை இருப்பார் என்றார். கடவுளை எங்களிடம் விட்டுவிட்டு நிலத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். பெல்ட்டைக் கழற்ற ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தோம். அப்போதுதான் எவாரிஸ்தோ கூப்பிட்டான். நிலத்தை நீண்ட குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம். கடன் அடைந்ததாம். அதே நிலத்தில் அவனைக் கூலிக்கு வைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார்களாம்.

"நீ அனுப்புன மனுஷன் தங்கம்கா. உன் பேரைச் சொன்னதும் கையைப் பிடிச்சுக்கிட்டார். நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்? ஆமா, உனக்கு வேலை எப்பவும்போல ஓடுதுல்ல?"

நிக்கோலாசா கொட்டகைக் கதவில் பூட்டு மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுதுடா" என்றாள். "நல்லா ஓடுது."